பத்தா, பதினொன்றா, பன்னிரண்டா

என் தங்கை மகன் எத்தனை வருடம் பள்ளிக்கூடம் போனான் என்பதில் இந்தக் கோடையில் எங்கள் வீட்டில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. தங்கை பதினொன்று என்றாள். என் மாமனார் பத்துதான் என்றார். பையன் எந்த எண்ணையும் சொல்லவில்லை. கைப்பேசியைப் பார்த்தபடி கூடத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தங்கை கல்யாணமாகி மலேசியா போனவள். கணவர் அந்த ஊர்த் தமிழர், கிள்ளான் பக்கம். சிறுநீரகம் கெட்டு, அடிக்கடி டயாலிசிஸ் என்று இழுத்துக்கொண்டிருந்து, போன வருடம் இறந்துபோனார். பையன் பள்ளி இறுதிப் பரீட்சையை எழுதி முடிக்கும்வரை அங்கே இருந்துவிட்டு, இங்கே வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில் இரண்டு பேரும் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே அவளுக்கென்று வீடு கிடையாது, வேலையும் கிடையாது. இங்கே வந்த சில வாரங்களிலேயே பொழிச்சலூரில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்காரும் வேலை கிடைத்துவிட்டது. அவள் திரும்பிப் போகப் போவதில்லை.

பையன் விஷயம் அப்படி இல்லை. அவன் அந்த ஊர்ப் பிள்ளை. அவனுடைய சித்தப்பா அங்கே லாரி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். கணக்குப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், எப்போது வேண்டுமானாலும் வா என்று சொல்லியிருக்கிறார். பி.காம். படிக்க வேண்டும் என்பது பையனுடைய ஆசை. வந்த முதல் வாரமே, பேச்சுக் கடைசியில் 'லா' போடும் அந்த ஊர் வழக்கத்தோடு, எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டான்.

"காலேஜ்னா இருக்கேன் பெரியம்மா. மறுபடி ஸ்கூல்னா முடியாது லா. சித்தப்பாகிட்ட போயிடுவேன்."

ஆக, கேள்வி இதுதான். அவன் அங்கே முடித்துவிட்டு வந்திருக்கும் படிப்பு இங்கே பிளஸ் டூவுக்குச் சமமா இல்லையா. சமம் என்றால் தாயும் மகனும் ஒரு ஊரில் இருப்பார்கள். இல்லையென்றால் நடுவில் கடல்.

எனக்கு வேலை கணக்குத் தணிக்கை. ஒரு எண்ணைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போகாமல் இருக்க முடியாது. தினமும் எழுதி வைக்கும் பழக்கமும் உண்டு. அந்த வாரங்களில் நான் எழுதியதெல்லாம் வகுப்புக் கணக்குதான். காலையில் பேருந்தில் போகும்போதும் அதுதான், அலுவலகத்தில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டும் அதுதான். இருப்புக்கொள்ளவில்லை.

அங்கே ஆரம்பப் பள்ளி ஆறு வருடம். அதற்குமேல் இடைநிலைப் பள்ளி. ஒன்றாம் படிவம் முதல் ஐந்தாம் படிவம் வரை. ஐந்தாம் படிவம் முடிந்ததும் நாடு முழுக்க ஒரே பரீட்சை. பெரும்பாலான பையன்களுக்குப் பள்ளிக்கூடம் அதோடு சரி. பிறகு ஆறாம் படிவம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு எல்லாரும் போவதில்லை. ஆறும் ஐந்தும் பதினொன்று. தங்கையின் கணக்கு இது.

மாமனாருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் படித்த காலத்தில் இங்கேயும் படிவங்கள்தான். அதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

"அஞ்சாவது ஃபாரம்னா டென்த்து. நான் ஆறாவது ஃபாரம் முடிச்சவன். எஸ்.எஸ்.எல்.சி. அது லெவன்த்து. ஒண்ணு கொறச்சா என்ன வரும்?"

"அது உங்க ஃபாரம் தாத்தா," என்றான் என் மகன். அவனுக்குப் பதினேழு வயது. இந்த வருடம் பிளஸ் டூ. "உங்களுக்கு ஃபர்ஸ்ட் ஃபாரம்னா சிக்ஸ்த். அவங்களுக்கு செவன்த்."

"எங்க ஃபாரம், அவங்க ஃபாரம்னு தனித்தனியா இருக்கா? ரெண்டையும் போட்டவன் ஒரே வெள்ளைக்காரன்தானே."

"அவன் அங்க போறதுக்குள்ள மனசு மாறிட்டான் போலிருக்குப்பா," என்றார் என் கணவர். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளர். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் அவர் குரல் வீட்டில் கேட்கும். "அதெல்லாம் விடுங்க. எல்.கே.ஜி., யு.கே.ஜி. சேத்தா நம்ம பையன் பதினாலு வருஷம். அதுல ரெண்டு வருஷம் அழுததுக்கு."

எல்லாரும் சிரித்தோம். தங்கை மகனும் கொஞ்சம் சிரித்தான்.

அன்றைக்கே மகன் ஏதோ ஓர் இணையதளத்தைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினான். இரண்டு நாடுகளின் பெயரைத் தட்டினால் போதும், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டும். மழை, பால், சாலை விபத்து, எல்லாம். அதில் ஒரு வரி, ஆண் பிள்ளைகள் இடைநிலைக் கல்வியில் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கப்படும் ஆண்டுகள். பெண் பிள்ளைகளுக்குத் தனி வரி. இந்தியாவுக்கு ஒரு எண், மலேசியாவுக்கு ஒரு எண், இரண்டிலும் புள்ளி வைத்துப் பின்னம்.

"கால் வருஷம், அரை வருஷம்லாம் எப்படிடா படிப்பாங்க?" என்றாள் தங்கை.

"சராசரி சித்தி."

"யார் எதிர்பார்க்கிறாங்க?" என்று நான் கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். பெற்றவர்களா, அரசாங்கமா, பையனா?

மகன் அந்தப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த விளக்கத்தைத் தேடிப் படித்தான். இன்றைக்குப் பள்ளியில் நுழையும் ஒரு பையன், இப்போது இருக்கிற நிலைமையே நீடித்தால், மொத்தம் எத்தனை வருடம் இடைநிலை வகுப்புகளில் உட்காருவான் என்பதன் மதிப்பீடாம். ஒரே வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தால் அந்த வருடமும் சேரும் என்று இருந்தது. அதாவது, பையன்கள் நிறைய ஃபெயிலாகிற நாட்டில் இந்த எண் கூடுதலாகத் தெரியும். ஒரு தணிக்கைக்காரியாக எனக்கு அது உறுத்தியது. சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் தங்கை மகன் கைப்பேசியைக் கீழே வைத்தான். "அதையும் எண்ணுவாங்களா?"

"எத?" என்றான் என் மகன்.

"ரெண்டு தடவ உக்காந்தா. அந்த வருஷத்தையும்?"

"ஆமாண்ணா. இங்க போட்டிருக்கு பாருங்க."

"மாடில துணி காயுதுடா," என்றாள் தங்கை. "போய் எடுத்துட்டு வா. காத்து அடிக்குது."

காற்று அப்படி ஒன்றும் அடிக்கவில்லை. அவன் எழுந்து போனான். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு இருவரையும் கூட்டிக்கொண்டு கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு கல்லூரிக்குப் போனேன். சேர்க்கை அறையில் ஏகப்பட்ட கூட்டம். ஒவ்வொரு பையனுக்கும் கூடவே ஓர் அப்பா, ஓர் அம்மா, கையில் பிளாஸ்டிக் உறை. எங்கள் முறை வந்தபோது அங்கிருந்த அலுவலர் சான்றிதழை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். மனிதர் பொறுமையானவர்தான்.

"மேடம், இத நாங்க டென்த்துக்குச் சமமாத்தான் எடுத்துக்குவோம். பிளஸ் ஒன், பிளஸ் டூ முடிச்சுட்டு வரணும்."

"சார், பதினோரு வருஷம் படிச்சிருக்கான்," என்றாள் தங்கை.

"இருக்கலாம் மேடம். வருஷத்த நாங்க எண்றதில்ல. எந்தப் பரீட்சைன்னுதான் பாக்கறது."

"ஒரு வருஷமாவது கழிச்சுக்கக் கூடாதா? நேரா பிளஸ் டூ?"

"அத ஸ்கூல்லதான் கேக்கணும். குடுக்க மாட்டாங்க." மறுபடி சான்றிதழைப் பார்த்தார். "வயசு பதினெட்டு முடிஞ்சிருக்கே. நடுவுல கேப் இருக்கா?"

"அவங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு சார். அதனால ஒரு வருஷம் பரீட்சை எழுதல. அப்புறம் அவரும் போயிட்டாரு."

அலுவலர் முகம் இளகியது. சாரி தம்பி என்றார். தம்பி அங்கே இல்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டிருந்தான்.

எங்களுக்கு அது புதிய செய்தி இல்லை. அவனுடைய அப்பா முதலில் படுத்த வருடம் அவன் பரீட்சையை எழுதாமல் விட்டான், அடுத்த வருடம் எழுதினான் என்று தங்கை தொலைபேசியில் சொல்லி எங்கள் எல்லாருக்கும் தெரியும். அப்பாவைப் பற்றிப் பேசியதும் பையனுக்குத் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது மின்சார ரயிலில் உட்கார இடம் இருந்தும் அவன் உட்காரவில்லை. ஊரப்பாக்கம் தாண்டும்வரை கதவருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டலூரில் கூட்டம் ஏறி அவனை எங்கள் பக்கம் தள்ளியது.

"சித்தப்பாகிட்ட பேசப் போறேன்," என்றான். "ஞாயித்துக்கெழம டிக்கெட் போடச் சொல்றேன்."

"யோசிச்சு முடிவு பண்ணலாம்டா," என்றாள் தங்கை.

"என்ன யோசிக்க? ஸ்கூல்னா போறேன்னு அப்பவே சொன்னேன்ல."

பக்கத்தில் கூடை வைத்திருந்த ஓர் அம்மாள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெருங்களத்தூர் வருவதற்குள் அவள் முந்தானையில் இரண்டு முறை மூக்கைத் துடைத்தது எனக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்திருக்கும்.

வீட்டில் மாமனார் வாசலிலேயே கேட்டார். "என்ன சொன்னான்?"

"டென்த்துன்னாங்க மாமா."

"பாத்தியா," என்றார். அவர் காரணம் தப்பு, விடை சரி. தணிக்கையில் இது அடிக்கடி நடக்கும். ஆனால் அன்றைக்கு எனக்கு அவரிடம் வாதாடத் தெம்பு இல்லை. கணவர் சாயங்காலம் வந்து பாலிடெக்னிக் யோசனை சொன்னார். பத்தாவது போதும், மூன்று வருடம் டிப்ளமோ, அப்புறம் நேராக இரண்டாம் வருட இன்ஜினீயரிங். "மெஷின் எனக்கு வராது பெரியப்பா," என்று பையன் மரியாதையாகச் சொல்லிவிட்டான்.

எனக்கு மட்டும் ஏதோ ஒன்று பொருந்தாமல் இருந்தது. அடுப்படியில் நின்றால் கூடத்துக்கு வரத் தோன்றியது, கூடத்துக்கு வந்தால் மாடிக்கு. மலேசியாவில் வயதில் விளையாட முடியாது என்று தங்கை கணவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஒரு வருடத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் ஏழு வயதில் ஒன்றாகத்தான் முதல் வகுப்பில் உட்கார வேண்டும். முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. நம் ஊரில் அப்படியா? என் கணவருக்குச் சான்றிதழில் ஜூன் முதல் தேதி பிறந்தநாள். உண்மையில் அவர் பிறந்தது ஐப்பசி மழையில். எங்கள் அலுவலகத்தில் ஜூன் முதல் வாரம் கேக் வெட்டியே ஓய்ந்துபோவோம். இங்கே ஒரு வருடம் கூடினாலும் குறைந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் இத்தனை நாளும் பையனுடைய வயதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பரீட்சை எழுதாமல் விட்டான் என்றால் அந்த ஒரு வருடம் என்ன செய்தான்? வீட்டில் இருந்தானா? அப்படி இருந்ததாக நினைவில்லை. அந்த வருடம் காணொளியில் கூப்பிட்ட போதெல்லாம் சீருடையில்தான் இருந்தான். வெள்ளைச் சட்டை, பச்சைக் கால்சட்டை.

சனிக்கிழமை தங்கையை வேலையிலிருந்து கூட்டி வர ஸ்கூட்டரில் கிளம்பினேன். நானும் வருகிறேன் என்று அவன் பின்னால் ஏறிக்கொண்டான். பம்மல் வழியாகப் போனோம். பொழிச்சலூரில் மருத்துவமனைக்கு எதிரே நிழலில் வண்டியை நிறுத்தினேன். உள்ளே நோயாளிகள் இருந்தார்கள். அவள் வர நேரமாகும் என்று தெரிந்தது. தலைக்கு மேலே விமானம் ஒன்று சக்கரத்தை நீட்டிக்கொண்டு தாழ்வாகப் போனது. சத்தம் அடங்கும்வரை காத்திருந்து கேட்டேன்.

"அன்னிக்குக் காலேஜ்ல ஏன்டா எழுந்து போன?"

அவன் ஸ்கூட்டர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைத்தான்.

"அப்பாவால நான் ஒரு வருஷமும் போகல பெரியம்மா."

நான் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"நான் ரிமூவ் க்ளாஸ் படிச்சேன். புகுமுக வகுப்புன்னு சொல்வாங்க. தமிழ்ப் பள்ளியில ஆறு வருஷம் முடிச்சுட்டு மலாய் ஸ்கூலுக்குப் போகணும். மலாய்ல மார்க் பத்தலன்னா நேரா ஒண்ணாம் படிவம் கெடையாது. ஒரு வருஷம் தனியா உக்கார வச்சு மலாய் சொல்லிக் குடுப்பாங்க. சீனப் பள்ளிப் பசங்களும் இருப்பாங்க. கேன்டீனுக்குப் பக்கத்துல கடைசி ரூம்."

"அது ஃபெயிலா?"

"ஃபெயில் இல்ல லா. ஆனா அம்மாவுக்கு அது ஃபெயில். இங்க எல்லார்கிட்டயும் ஒண்ணாம் படிவம்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் எறங்க முடியல. நீங்க ஃபோன்ல எத்தனாவது படிக்கிறன்னு கேப்பீங்க. நான் ரெண்டாம் படிவத்துல இருப்பேன், மூணுன்னு சொல்லுவேன். அம்மா பக்கத்துல நின்னு விரல காட்டுவாங்க."

எனக்கு அந்த அழைப்புகள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவன் பதில் சொல்ல ஒரு நொடி பிந்தும். தொடர்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

"அஞ்சாம் படிவம்னு சொன்ன வருஷம் நான் நாலுலதான் இருந்தேன். பரீட்சை எங்கன்னு கேப்பீங்கல்ல? அப்பதான் அப்பா ஆஸ்பத்திரில சேர்ந்தாரு. அம்மா அத சொல்லிட்டாங்க. எல்லாரும் நம்பிட்டீங்க."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். படுத்துக்கிட்டே சிரிச்சாரு. என் பேரச் சொல்லித் தப்பிச்சுக்கிட்டயான்னு அம்மாவக் கேட்டாரு." அவன் கண்ணாடியை விட்டுவிட்டான். "அவரு போன பெறகுதான் நான் பரீட்சை எழுதினேன். ஒரு பேப்பர் விடல. இப்ப அவர யாருன்னே தெரியாத ஆளுங்ககிட்ட எல்லாம், அவராலதான் பையன் பின்தங்கிட்டான்னு சொல்றாங்க. இங்க ஸ்கூல்ல சேர்ந்தா ரெண்டு வருஷமும் கேப்பாங்க, ஏன் வயசு கூட இருக்குன்னு. ரெண்டு வருஷமும் அவர் பேரச் சொல்லணும். அதான் போறேன்."

நான் ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை அவன் வகுப்பில் சின்னப் பையன்களோடு உட்காரக் கூச்சப்படுகிறான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நாங்கள் எல்லாரும் தப்பான இடத்தில் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம்.

தங்கை சாலையைக் கடந்து வந்தாள். இரண்டு பேரும் என்ன ரகசியம் பேசுகிறீர்கள் என்றாள். அவன் ஷேர் ஆட்டோவில் வருகிறேன் என்று சொல்லி நடந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் அவள் துணி உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. புகுமுக வகுப்பு என்ற வார்த்தையைச் சொன்னதுமே அவள் கை நின்றது.

"சொல்லிட்டானா?"

"அது ஃபெயில் இல்லடீ. அவன் பன்னிரண்டு வருஷம் படிச்சிருக்கான்."

"நீ ஈஸியா சொல்லுவ. கணக்குப் போட்டுச் சொல்லுவ. நம்ம அப்பா அப்ப உயிரோட இருந்தாரு அக்கா. அவ்வளவு தூரம் குடுக்கறோமே, பிள்ளைங்க படிப்பு என்னாகுமோன்னு கல்யாணத்தன்னிக்கே சொன்னவரு. ரிட்டையர்டு தலைமையாசிரியர்கிட்ட போய், உங்க பேரன் ஒண்ணாம் படிவத்துக்குப் போகலன்னு நான் எப்படிச் சொல்ல? உன் பையன் வேற எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட்."

"அப்பா போய் எத்தனையோ வருஷமாச்சு."

"ஆச்சு. அதுக்குள்ள இது மேல அது, அது மேல இதுன்னு ஏறிப்போச்சு."

"உன் வீட்டுக்காரர் மேல ஏன் போட்ட?"

அவள் ஒரு சட்டையை எடுத்து உதறினாள். அது ஏற்கெனவே உதறிய சட்டை.

"அவர் கோச்சுக்க மாட்டாரு," என்றாள் கடைசியில். "அவரு எதுக்கும் கோச்சுக்க மாட்டாரு. அதான் போட்டேன்."

"அவன் கோச்சுக்கறான்."

"தெரியுது." கிளிப்பைப் பல்லில் கடித்திருந்ததால் அந்த வார்த்தை சரியாக வரவில்லை. "என்ன பண்ணச் சொல்ற? ஊர் பூரா போய் மைக் வச்சுச் சொல்லவா?"

நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம், அவனையும் கூட்டிக்கொண்டு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றேன். அவனிடமும் அதையேதான் சொன்னேன். ஒரே ஒரு நாள் வந்து பார். டிக்கெட்டைச் சித்தப்பா அதற்கடுத்த நாள் போடட்டும். திங்கள்கிழமை காலையில் தலையை வாரிக்கொண்டு வந்து செருப்பை மாட்டினான்.

பம்மல் பக்கம் உள்ள மேல்நிலைப் பள்ளி அது. பிளஸ் ஒன் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்கள் சிலர் இவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, புதிதாக வந்த விளையாட்டு வாத்தியாரோ என்ற சந்தேகத்தில் எழுந்து நின்றார்கள். இவன் கையை அசைத்து உட்காரச் சொன்னான். தலைமையாசிரியை அறையில் எங்களுக்கு இரண்டு நாற்காலிதான் இருந்தது. அவன் சுவரோரம் நின்றான்.

தலைமையாசிரியை சான்றிதழைப் பார்த்தார். காமர்ஸ் குரூப்பில் இடம் இருக்கிறது, தமிழ்ப் பாடம் பிரச்சினை இல்லையே என்றார். இல்லை என்றேன். நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி அப்புறம் வந்தது.

"வயசு கொஞ்சம் கூட இருக்கே. நடுவுல ஒரு வருஷம் விட்டுப்போச்சா?"

சுவர் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. தங்கை மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். அந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்லிவிட என் வாய் துடித்தது. தொடையில் கையை அழுத்தி வைத்துக்கொண்டேன்.

"விட்டுப்போகல மேடம்," என்றாள் தங்கை. "அங்க தமிழ்ப் பள்ளில படிச்ச பிள்ளைங்களுக்கு மலாய் சரியா வரலன்னா, ஹைஸ்கூல் போறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் தனியா ஒரு வகுப்பு உண்டு. இவன் அதுல படிச்சான். அந்த ஒரு வருஷம்தான்." ஜிப்பிலிருந்து கையை எடுத்தாள். "நான் வெளில வேற மாதிரி சொல்லிட்டிருந்தேன். இவங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால பரீட்சை எழுதலன்னு. அப்படி இல்ல. அவரு இருந்தப்பவும் சரி, போன பெறகும் சரி, இவன் ஒரு பரீட்சையும் விட்டதில்ல."

தலைமையாசிரியைக்கு இவ்வளவு விவரம் தேவைப்படவில்லை. கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு பார்த்தார்.

"அப்ப மொத்தம் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. இங்க வந்து இன்னும் ரெண்டா? பாவம்." பிறகு சுவர் பக்கம் பார்த்துக் கேட்டார். "ஏம்பா, உனக்கு சம்மதமா? இல்ல அம்மா, பெரியம்மா இழுத்துட்டு வந்துட்டாங்களா?"

அவன் அம்மாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைசி பெஞ்சு குடுப்பீங்களா மேடம்? முன்னாடி உக்காந்தா பின்னாடி இருக்கறவங்களுக்கு போர்டு தெரியாது."

"அத க்ளாஸ் டீச்சர்கிட்ட கேட்டுக்கோ."

"சரி மேடம்."

வெளியே வந்ததும் தங்கை வேகமாக முன்னால் நடந்தாள். கேட்டருகே அவன் அவளை எட்டிப் பிடித்தான். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் வேண்டுமென்றே பின்தங்கினேன். நெருங்கியபோது அவள் டிக்கெட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றான். "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க சொன்னா அதுலயும் ஏதாச்சும் மாத்திடுவீங்க."

அவள் அவன் தோளில் ஓர் அடி வைக்கப் போனாள். கை எட்டாமல் அது முழங்கைக்குமேல் விழுந்தது.

எனக்கு மனம் அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. பிளஸ் டூ முடிக்கும்போது அவனுக்கு இருபதைத் தாண்டிவிடும். நடுவில் ஒரு நாள் அலுத்துப்போய்க் கிளம்ப மாட்டான் என்பதற்கு என்ன உறுதி? அந்த இணையதளம் எதிர்பார்ப்பது எல்லாப் பையன்களையும் கூட்டி வகுத்து வந்த எண். நான் எதிர்பார்ப்பது ஒரு பையனை. அதற்குப் புள்ளி வைத்துப் பின்னம் போட வழியில்லை.

அங்கிருந்து நேரே சீருடை தைக்கும் கடைக்குப் போனோம். பள்ளிக்குப் பக்கத்துத் தெரு. தயாராகத் தைத்துத் தொங்கவிட்டிருந்த கால்சட்டைகளில் எதுவும் அவன் கணுக்கால் வரை எட்டவில்லை. தையல்காரர் அளவு நாடாவை எடுத்தார்.

"எத்தனாவது தம்பி?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் வாயைத் திறக்கவில்லை.

"பதிமூணாவது," என்றான்.

"அப்படி ஒரு க்ளாஸே கெடயாதே."

"இருக்குண்ணா. இப்பதான் சேர்ந்தேன்."

தையல்காரர் என்னைப் பார்த்தார். பிளஸ் ஒன் என்றேன். தங்கைக்குச் சிரிப்பு வந்து, அடக்கப் பார்த்து, இருமலாகிப் போனது. இருமி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே மடிப்பு நிறைய விட்டுத் தைக்கச் சொன்னாள்.

"இன்னும் வளருவாரா மேடம் இவரு?"

"நான் வளர மாட்டேன்மா. பதினெட்டு முடிஞ்சிருச்சு."

"ரெண்டு வருஷம் போடணும்ல," என்றாள்.

தையல்காரர் இடுப்பிலிருந்து நாடாவை மறுபடி கீழே விட்டார். இந்தத் தடவை குதிகால் வரை. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைச் சேர்த்து வைத்து, அசையாமல் நின்றான்.